கல்லூரி வாயிலும் பாடத் தேர்வும்: நாம் கடந்து வந்த வழி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், நம் சங்கத்தின் வாயிலில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, தாயோ தந்தையோ தம் பிள்ளையுடன் வந்து நிற்பர். தேர்ச்சி பெற்ற மகிழ்ச்சி முகத்தில் இருக்கும். அதனினும் மிகுதியாகக் கலக்கம் இருக்கும். "பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, ஐயா?" என்று கேட்பர்.

கேள்வி எளியதே. ஆயினும் நம் பாட்டனாருக்கு இக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே இருந்ததில்லை. நம் தந்தையார் காலத்தில் கேட்டோர் சிலர். விடை சொல்ல ஆளின்றித் திரும்பியோர் பலர். இன்று நம் முத்தாபுதுப்பேட்டையில் வீதிக்கு வீதி கல்லூரி மாணவர் இருக்கின்றனர். எனினும் அவருள் எத்துணைப் பேர் தாம் பயிலும் பாடத்தைத் தாமே ஆராய்ந்து தேர்ந்தனர் என்று கேட்டால், விடை நம்மைத் தலைகுனியச் செய்கிறது. கல்லூரிக்குள் நுழையும் உரிமை ஒன்று. எதைப் பயில்வது என்று முடிவு செய்யும் உரிமை மற்றொன்று. முன்னதற்காக நம் முன்னோர் போராடிய வரலாற்றை ஓரளவு அறிவோம். பின்னதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் இக்கட்டுரையை இவ்வெள்ளி விழா மலரில் வரைகின்றோம்.

இருப்புப்பாதை வந்தது; கல்வி வரவில்லை

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பெற்றது. அப்பாதை நம் ஆவடி வழியாகவே சென்றது. அடுத்த ஆண்டு, 1857 செப்டம்பர் 5ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தின்வழி நிறுவப்பெற்றது. பல்கலைக்கழகம் எழுந்த நகரத்துக்குச் செல்லும் இரயில், நம் சேரியின் அண்மையில் அதற்கு ஓராண்டு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த இரயிலில் ஏறிக் கல்லூரிக்குச் செல்ல நம் மக்களுக்குப் பல தலைமுறைகள் ஆயின.

காரணம் தொலைவன்று. நம் பகுதி அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். உழுவதற்குச் சொந்த நிலமில்லை, குடியிருக்கும் மனையும் பிறருக்கு உரியது, பட்ட கடனுக்காகப் பரம்பரையாக ஆண்டையிடம் உழைக்க வேண்டும் என்னும் நிலையை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற நில ஒதுக்கீட்டுக்கு அதுவே அடிப்படையாயிற்று. மனையே தனதல்லாதவன் மகனைப் பள்ளிக்கு அனுப்புவது எங்ஙனம்?

கல்வித் துறையில் முதல் அசைவு 1893இல் ஏற்பட்டது. அவ்வாண்டு சென்னை அரசு பிறப்பித்த ஆணையொன்று, பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியமும், ஆசிரியர் பயிற்சி பெறும் பஞ்சமருக்கு உதவித்தொகையும் அளிக்க வழிசெய்தது. பண்டிதர் அயோத்திதாசரோடு தொடர்புகொண்டிருந்த கர்னல் ஆல்காட், 1894 முதல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். கிறித்துவ மிஷன்களும் பள்ளிகள் நடத்தின. இவையனைத்தும் பெரும்பாலும் தொடக்கக் கல்வியே. அதற்குமேல் எஞ்சிய வழி ஆசிரியர் பயிற்சி ஒன்றுதான். நம் குடும்பங்களில் முதன்முதலில் படித்தவர் யார் என்று கேட்டால், 'பெரியவர் வாத்தியாராக இருந்தார்' என்னும் விடை இன்றளவும் வருவதற்கு இவ்வரலாறே காரணம். ஆசிரியப் பணி உயர்ந்த பணி, ஐயமில்லை. ஆனால் அவர்கள் பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தவர்கள் அல்லர். இருந்த ஒரே வழியில் நடந்தவர்கள்.

மணி அடித்தபின் வகுப்புக்குச் சென்றவர்

அக்காலத்திலும் கல்லூரிப் படிகளை ஏறியோர் சிலர் இருந்தனர். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் கோவையில் கல்லூரியில் பயின்றார். அங்கே ஏறத்தாழ நானூறு மாணவர். அவருள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர் என்று தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவர் குறிக்கின்றார். உடன் பயில்வோருடன் நட்புக்கொண்டால், ஊரையும் வீட்டையும் உறவினரையும் விசாரித்துச் சாதியை அறிந்துகொள்வர் என்று அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்தபின்பே வகுப்புக்குள் செல்வார். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மைப் பற்றிக்கொள்ளாதவாறு விரைந்து வீடு சேர்வார்.

இதைப் படிக்கும் நம் மாணவன் ஒருவன், 'இது நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை' என்று கருதக்கூடும். ஆனால் கல்லூரி தொடங்கிய முதல் வாரத்தில், 'எந்த ஏரியா?' என்று யாரேனும் கேட்கும்போது தன் தெருப் பெயரைச் சொல்லாமல் ஆவடி என்று மட்டும் சொல்லி நிறுத்திய நினைவு அவனுக்கும் இருக்கலாம். அவ்வாறு அஞ்சி அமர்ந்த மாணவரே பின்னாளில் 'பறையன்' என்னும் பெயரையே தலைப்பாக்கி 1893இல் இதழ் தொடங்கினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். முதல் வார அச்சம் ஒருவருடைய முழு வாழ்வையும் முடிவு செய்துவிடுவதில்லை.

பரங்கிமலையில் பிறந்த பெருந்தலைவர் எம்.சி. ராசா, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று ஆசிரியராகிப் பாடநூல்களும் எழுதினார். 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலானார். 1892இல் பிறந்த என். சிவராஜ் அவர்கள் சட்டம் பயின்றார். சட்டக் கல்லூரியிலேயே சட்டம் பயிற்றுவித்தார். 1945இல் சென்னை மாநகரத்தின் மேயரானார். ஆசிரியப் பணிக்கு அப்பால் சட்டம் என்னும் புதுவழி நம்மவர்க்கு இவ்வாறு திறந்தது.

பாடமே மறுக்கப்பட்ட கதை

வாயில் திறந்தாலும் பாடம் திறப்பதில்லை என்பதை அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாள்களே காட்டும். அவர் சமற்கிருதம் பயில விரும்பினார். தீண்டப்படாதார் பிள்ளைக்கு அம்மொழியைக் கற்பிக்க இயலாது என்று ஆசிரியர் மறுத்தார். வேறு வழியின்றி அவர் பாரசீகத்தைப் பாடமாகக் கொண்டார். விரும்பிய பாடம் ஒன்று, கிடைத்த பாடம் மற்றொன்று என்னும் நிலை அவருக்கும் நேர்ந்தது. அவர் பின்னர்த் தம் முயற்சியாலேயே சமற்கிருதம் கற்று, அந்நூல்களையே ஆராய்ந்து சாதியின் தோற்றம்பற்றி எழுதினார்.

அதே அம்பேத்கர், பரோடா மன்னர் மாதந்தோறும் 11½ பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையுடன் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மாணவன் தன் பாடங்களைத் தானே தேர்ந்துகொள்ளலாம். அவர் தேர்ந்த பட்டியலைப் பாருங்கள்: பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சும் செருமனும் ஒவ்வொன்று. தொடக்கத்தில் ஒரு பாடத்தைக் கேட்டுப் பெற இயலாதவர், தேர்வுரிமை கிடைத்தவுடன் அதை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை இவ்வெண்கள் உரைக்கும். பொருளியலை நடுத்தூணாக நிறுத்தினார். ஏனைய துறைகளை அதற்குத் துணையாகச் சேர்த்தார். கண்டதையெல்லாம் படிக்கவில்லை, தம் மக்களின் வறுமைக்கும் இழிவுக்கும் காரணம் அறியத் தேவையானவற்றைத் தேடிப் படித்தார்.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அவர் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் சென்று, 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். படிப்பு இடையில் நின்றுபோன நம் தம்பி தங்கையர் இதை நினைவில் கொள்ள வேண்டும். நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

பெண்ணொருவர் வரலாற்றையும் சொல்ல வேண்டும். கொச்சிப் பகுதியில் 1912இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியலைப் பாடமாகக் கொண்டு 1935இல் பட்டம் பெற்றார். நாட்டின் முதல் தலித் பெண் பட்டதாரி அவரே என்பர். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்ததாகவும், அவர் தொலைவில் நின்று பார்த்தே கற்றதாகவும் அவர் வரலாறு கூறுகிறது. பின்னர் அவர் அரசியல் நிருணய சபையில் உறுப்பினரானார். அச்சபையில் இடம்பெற்ற தலித் பெண் அவர் ஒருவரே. அறிவியல் பிரிவில் இடம் கிடைத்த நம் பெண்கள், குழாயையும் குடுவையையும் தம் கையால் எடுத்துச் செய்யும்போது, அத்தொடுகைக்குப் பின்னே ஒரு போராட்டம் இருப்பதை உணர வேண்டும்.

ஆணைகளும் உதவித்தொகையும்

தனியொருவர் துணிவால் மட்டும் ஒரு சமுதாயம் முன்னேறாது. சட்டத்தின் துணை வேண்டும். 1947இல் திருத்தப்பெற்ற சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையின்படி, தொழிற்கல்லூரிகளில் 14 இடங்களுள் 2 நம்மவர்க்கு ஒதுக்கப்பெற்றன. செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரலில் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு சூன் திங்களிலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பெற்று, கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு 15(4) என்னும் உறுப்பு சேர்க்கப்பெற்றது. தமிழகத்தில் 16 விழுக்காடாக இருந்த ஒதுக்கீடு 1971இல் 18 ஆயிற்று. பின்னர்ப் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு வழங்கப்பெற்றது. 2009இல் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கப்பெற்றது. நமக்குள்ளேயே பின்தங்கி நின்ற உடன்பிறப்புகளுக்கும் கல்லூரி வாயில் திறக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இடம் கிடைத்தாலும் பணம் வேண்டுமே! இங்கே பாடத் தேர்வு குறித்து நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாக சபையில் உறுப்பினராயிருந்தபோது, 1942 அக்டோபரில் வைசிராயிடம் கோரிக்கை மனு ஒன்றை அளித்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களை உயர்த்தப் போதா. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும். ஆனால் அதன் செலவு நம்மவரால் தாங்க இயலாதது. ஆகவே அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். இதன் பயனாக 1944-45 முதல் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பெற்றது. இன்று நம் பிள்ளைகள் பெறும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் இதுவே. சலுகை என்று யாரேனும் ஏளனம் செய்தால், இவ்வரலாற்றை எடுத்துக்கூறுக.

நம் ஊரின் எதிரே நின்ற கேள்வி

அண்ணல் தொழில்நுட்பம் என்றார். அத்தொழில்நுட்பம் நம் ஊருக்கு அருகிலேயே வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடி இராணுவ முகாமாயிற்று. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965இல் விசயந்தா டாங்கி அங்கே உருவாகி வெளிவந்தது. அம்பத்தூரில் 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. விமானப்படைத் தளமோ நம் முத்தாபுதுப்பேட்டையிலேயே உள்ளது. இத்தொழிற்சாலைகளின் வாயிலை நம்மவர் எந்த வரிசையில் நின்று கடந்தனர்? சுமை தூக்கவும் துப்புரவு செய்யவும் சென்றோர் பலர். தொழிற்பயிற்சி பெற்றுப் பொறிமுன் நின்றோரும் உண்டு. அவர்களால் நம் தெருக்களில் மாடி வீடுகள் எழுந்தன. வரைபடம் வரையும் மேசைக்குச் சென்றோர் மிகச் சிலர். வேலை நம் வாயிலில் இருந்தது. அதற்குரிய படிப்பு எதுவென்று நமக்குச் சொல்வார் இல்லை.

1969இல் பட்டாபிராமில் இந்துக் கல்லூரி தொடங்கியது. பட்டணம் சென்று படிக்க இயலாத நம் பிள்ளைகளுக்கு, நடந்தும் மிதிவண்டியிலும் செல்லும் தொலைவில் பட்டப்படிப்பு கிடைத்தது. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தது. அதற்கு முன் கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு மறைந்தது. முன்பு கல்லூரியில் சேர்ந்தபின் செய்த தேர்வை, இப்போது பதினைந்து வயதில் பள்ளியிலேயே செய்ய வேண்டியதாயிற்று. பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்பதே பின்னர் எந்தக் கல்லூரி வாயில் திறக்கும் என்பதை முடிவு செய்கிறது. கணிதம் இல்லாக் குரூப்பில் சேர்ந்தவன் பின்னர்ப் பொறியியலை விரும்பிப் பயனில்லை. 'கணக்கு வேண்டாம், கடினம்' என்று யாரோ சொன்ன ஒரு சொல்லால் வழி அடைபட்ட பிள்ளைகளை நாம் அறிவோம்.

தேர்வு செய்வோர்க்குச் சில சொற்கள்

இனி, இவ்வாண்டு கல்லூரி செல்வோர்க்கு நாம் கூற விழைவன சில.

முதலாவது, எஞ்சிய இடத்தில் சேர்ந்துவிடும் வழக்கத்தை விடுக. அரசு கலைக் கல்லூரி, பொறியியல், சட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பமும் கலந்தாய்வும் தனித்தனி. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இறுதி நாளை அறியாமல் இழந்த இடமே மதிப்பெண் குறைவால் இழந்த இடத்தினும் மிகுதி.

இரண்டாவது, பட்டத்தின் பெயரை ஆராய்க. புதுப்பெயர் பூண்ட பட்டங்கள் பல வந்துள்ளன. அவற்றுள் சில, அரசுப் பணிக்கு உரிய பழைய பட்டத்துக்கு இணையானவையாக ஏற்கப்பெறாமையால், மூன்றாண்டு படித்தபின் மாணவர் திகைத்து நிற்க நேரிடுகிறது. இணைத்தன்மை பற்றிய அரசாணை உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேட்டறிக.

மூன்றாவது, தமிழ்வழிப் படிப்பை இழிவாக எண்ணற்க. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பெற்றது. 2020இல் செய்த திருத்தத்தின்படி பள்ளி முதலே தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும். அதற்கான சான்றுகளைப் பள்ளிகளில் முன்னரே பெற்று வைக்க.

நான்காவது, தொழிற்பயிற்சியைக் கடைநிலை என்று கருதற்க. அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் பயின்றவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டிலும் நேரே சேர வழியுண்டு. சுற்றுவழியாயினும் சேருமிடம் ஒன்றே. வேலைக்குச் செல்வோர்க்குத் தொலைநிலைக் கல்வியும் உண்டு.

ஐந்தாவது, கலைப் படிப்பு வீணென்று சொல்வோர் சொல்லைக் கேளற்க. கேரளத்தில் எளிய தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயின்றவர். பின்னர் இலண்டனில் அரசியல் பயின்று, 1997இல் குடியரசுத் தலைவரானார். அண்ணல் அறிவியலை வலியுறுத்தியது, அவ்வழி நமக்கு அடைபட்டிருந்ததால். தாம் பயின்றதோ பொருளியலும் சட்டமும். எந்தப் பாடமாயினும், அதன் பாடத்திட்டத்தை ஒருமுறை வாங்கிப் படித்து, அதைப் பயின்று முடித்த ஒருவரிடம் பேசி, அதன்பின் முடிவு செய்க. அண்டை வீட்டார் சேர்ந்தார் என்பதும், தோழி சேர்ந்தாள் என்பதும் காரணமாகா.

பெண்பிள்ளைகளின் பெற்றோர்க்குத் தனியே ஒன்று சொல்வோம். 'பக்கத்துக் கல்லூரியில் எது உண்டோ அது போதும்' என்று முடிவு செய்யாதீர். இரயில் நம் ஊரருகே நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகின்றது. மகன் ஏறும் இரயிலில் மகளும் ஏறட்டும்.

நிறைவாக

ஒரு தலைமுறை பள்ளி கேட்டது. அடுத்த தலைமுறை கல்லூரி கேட்டது. இத்தலைமுறை கேட்க வேண்டியது, விரும்பிய பாடம். வசதி படைத்த வீட்டில் இதற்கு விடை சொல்ல மாமன் உண்டு, சிற்றப்பன் உண்டு. அவர்கள் அக்கல்லூரியிலேயே படித்திருப்பர். நம் வீட்டில் முதல் பட்டதாரிக்கு அத்தகைய உறவு இல்லை. அந்த உறவாக நிற்பதே நம் சங்கத்தின் கடமை. ஆகவே கல்லூரியில் பயிலும் ஒவ்வோர் இளைஞரும், பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளை ஒருவரைத் தம் பொறுப்பில் ஏற்க வேண்டுகிறோம். அப்பிள்ளை குரூப் தேர்வு செய்யும் நாளில் உடன் செல்க. விண்ணப்பம் நிரப்பும் நாளில் அருகிருக்க. கல்லூரி தொடங்கும் முதல் நாளில் வாயில்வரை சென்று அனுப்பி வருக.

சீனிவாசனார் மணி அடித்தபின் தனியே வகுப்புக்குள் நுழைந்தார். நம் பிள்ளைகள் மணி அடிக்குமுன்பே, தோழரோடு தோழராய், தாம் தேர்ந்த வகுப்புக்குள் தலைநிமிர்ந்து செல்லட்டும்.